எருமைக்கு அடியில் இரண்டு சகலைகள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நான்கு கால்களாகத்தான் கிடைத்தது.

காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தேன். பின்வீட்டு முற்றத்தில் ஒரு பழைய ஜீப் நின்றது. அதன் அடியிலிருந்து நான்கு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கால்களில் மடிப்புக் கலையாத பேண்ட்டும் சுத்தமான காலுறையும். மற்ற இரண்டும் வெறுங்கால். ஒரு கட்டைவிரலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

பேண்ட்டுக்காரர் சொன்னார்: "பதினாலாம் நம்பர் ஸ்பானரைக் கேட்டு வாங்கிக் குடும்மா."

வெறுங்கால்காரர் சொன்னார்: "அது அவர் முழங்கைக்குக் கீழதான் இருக்குன்னு சொல்லும்மா."

தோளும் தோளும் இடிக்கிற தூரத்தில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் மூன்றாவது ஆள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் பானெட் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண். அவள் ஒன்றையும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது.

துணியை மறந்துவிட்டுக் கீழே இறங்கி எழுத உட்கார்ந்தேன். (பிறகு மழை பெய்து துணி நனைந்தது. அது வேறு கதை. வீட்டில் இன்னும் முடியவில்லை.) இனி வருவதில் பாதி நான் பார்த்தது, கொஞ்சம் கேட்டது, மீதி இட்டுக்கட்டியது. எது எதுவென்று பிரித்துக் கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

*மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல மெல்ல...*

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

*நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பது ஒரு குடும்பத்தைப் போன்றது, ஏனெனில்...*

இந்த வரியை எழுதிய கையை நானே தட்டினேன். வண்டி வண்டிதான். நேராகவே சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் பல் டாக்டர். மடிப்புக் கலையாத பேண்ட் அவருடையது. எதையும் ஒழுங்காகச் செய்கிறவர், ஒழுங்காகச் செய்யாதவர்களை மனதுக்குள் மன்னிக்காதவர். நடுப்பெண்ணைக் கட்டியவர் மைக்செட்காரர். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவார். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. மூன்றாவது, கொய்யாப்பழம் தின்றவள், கடைக்குட்டி. வீட்டில் எல்லோருக்கும் அவள் பெயரே அதுதான்.

ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவர் சகலைகள். அண்ணன் தம்பி சண்டை போட்டால் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடலாம். சகலைகளுக்கு அந்த வசதி கிடையாது. மாமனார் வீட்டு விசேஷம் எதுவானாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் நாற்காலி போடுவார்கள். இந்த இருவரும் இரண்டு வருஷமாக அப்படி உட்கார்ந்து, அவரவர் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறவர்கள்.

இனி நான் பல் டாக்டரின் தோளுக்குப் பின்னாலேயே நிற்கப்போகிறேன். மைக்செட்காரர் மனதுக்குள் போகலாமென்றால் அவர் பேசி முடிக்கவே இடம் போதாது.

3

கடைக்குட்டிக்கு வேலை கிடைத்திருந்தது. மலை உச்சியில் இருக்கும் வானிலைக் கூடத்தில் மழை, காற்று, வெயில் எல்லாவற்றையும் அளந்து கீழே சொல்கிற வேலை. மேலே போகும் பாதையில் பாதி தார், பாதி சேறு. சொந்தமாக வண்டி இருப்பவர்களை மட்டும்தான் எடுப்போம் என்றார்கள். இருக்கிறது என்று அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் அங்கே இருக்க வேண்டும்.

இருந்த வண்டி, அப்பாவின் ஜீப். தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும்படி செய்யப்பட்ட பழைய டீசல் ஜீப். ஹாரன் அடித்தாலும் நகராமல் நிற்கும் குணத்தால் மகள்கள் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமனாருக்கு மட்டும் அது ராசா. கண் நரம்பு கெட்டு, ஓரப் பார்வை போய், இனி வண்டி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் அதை ஓட்டவில்லை. ஆனால் தினமும் துடைத்தார்.

சனிக்கிழமை காலையில் இரண்டு அக்காக்களும் அவரவர் கணவரிடம், "அப்பா வீட்டுல சின்ன வேலை, போய் எட்டிப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். மற்றவரும் வருகிறார் என்பதைச் சொல்லவில்லை. பல் டாக்டர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, முற்றத்தில் மைக்செட்காரர் ஏற்கெனவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார் டாக்டர். அதற்குள் மாமனார், "வாங்க பெரிய மாப்ளை, நல்ல வேளை வந்தீங்க" என்று கையைப் பிடித்துவிட்டார்.

(வழக்கமான மெக்கானிக் எங்கே என்று கேட்பீர்கள். அவர் வெளியூர் போயிருக்கிறார். நான்தான் அனுப்பிவைத்தேன். அவர் வந்தால் மத்தியானத்துக்குள் வண்டி சரியாகிவிடும், எனக்குக் கதை இருக்காது.)

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மைக்செட்காரர் தன் ஒலிபெருக்கி பேட்டரியைக் கொண்டுவந்து கட்டினார். அப்போதும் டிக். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, கழற்ற வேண்டியதுதான் என்று கடைக்குட்டியிடம் சொன்னார். டாக்டர் குனிந்து, பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் பட்டைக் கம்பியைப் பார்த்தார். அது போல்ட்டோடு சேரும் இடத்தில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. பல்லில் காரை பிடிப்பது போல. காரையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சுரண்டி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, முறுக்கினார்.

மோட்டார் சுற்றியது. ஆனால் இஞ்சின் பிடிக்கவில்லை. இப்போது மைக்செட்காரர் முறை. டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றார். கைப்பம்பை அமுக்கி, வடிகட்டி மேலிருந்த திருகைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை காத்திருந்து மூடினார். எருமை இருமிக்கொண்டு எழுந்தது. முற்றம் முழுக்கக் கரும்புகை. மாமனார் அந்தப் புகைக்குள் நின்று சந்தோஷமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுப்பினீங்க," என்றாள் கடைக்குட்டி.

இருவரும் அதைக் கேட்காத மாதிரி வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

4

தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததில் இன்னும் மூன்று கோளாறு வெளியே வந்தது. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் பிசாசு பிடித்த மாதிரி ஆடியது. கிளம்பும்போதெல்லாம் கீழே 'டொக்' என்றது, வேகம் கூடக்கூடக் குருவி கத்துகிற மாதிரி ஒரு கீச்சு. மூன்றாவது, சூடு முள் ஏறிக்கொண்டே போனது.

மூன்றாவது சுலபம். மின்விசிறி பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக் கட்டியதும் முள் இறங்கிவிட்டது.

ஆட்டத்தை டாக்டர் எடுத்துக்கொண்டார். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். அசையவில்லை. இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தார். லொடக்கென்றது. ஆடுகிற பல்லை இரண்டு விரலால் பிடித்து எந்தப் பக்கம் வேர் விட்டிருக்கிறது என்று பார்க்கிற அதே கை. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கும் தண்டின் முனையில் இருக்கும் குண்டு தேய்ந்திருந்தது. "பிடுங்கிட்டுப் புதுசு வைக்கணும்," என்றார், வாய் தவறி.

டொக்கும் கீச்சும் மைக்செட்காரருக்கு. கடைக்குட்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, வண்டியோடு கூடவே குனிந்து நடந்தார், ஒரு கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கீழே ஓடும் நீளத் தண்டின் முட்டியில் ஒரு கிராஸ் இருக்கும், அது எண்ணெய் இல்லாமல் காய்ந்துபோய்க் கத்துகிறது என்றார். கழற்றிப் பார்த்தால் அதன் ஊசிக் குண்டுகள் துருப்பொடியாகக் கொட்டின.

புதிய முனைக் குண்டும் புதிய கிராஸும் வாங்கிவந்து மாட்டும்போதுதான் நான் மாடியிலிருந்து பார்த்தேன். நிறைய நேரம் பேசாமலே வேலை செய்தார்கள். பேச வேண்டி வந்தால் கடைக்குட்டி. ஒரு கட்டத்தில் அவள் கொய்யாக் காம்பை வீசிவிட்டு இறங்கினாள்.

"பெரியத்தான், சின்னத்தான், நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆம்ப்ளிஃபயரா? ஒயரை நேரா குடுத்துப் பேசுங்க."

நீட்டிக்கொண்டிருந்த நான்கு கால்களும் வண்டிக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

5

இந்த இடம்வரை எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். துணி விவகாரத்துக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியது அப்போதுதான். இரண்டு குறை சொல்லப்பட்டது.

ஒன்று, ஆண்கள் வண்டியைப் பார்க்கிறார்கள், பெண் கொய்யாப்பழம் தின்கிறாள், இதென்ன கதை?

நியாயம். உண்மையைச் சொன்னால் முதல் பிரதியில் அவள் பெண்ணே இல்லை, மச்சானாக இருந்தாள். எழுதிக்கொண்டே போகும்போது அந்த மச்சான் பேசுகிறதெல்லாம் கடைக்குட்டியாகவே கேட்டது, மாற்றிவிட்டேன். கொய்யாப்பழம் நான் கண்ணால் பார்த்தது, அதை எடுக்க மாட்டேன். அவள் வேலை இனிதான் வருகிறது.

இரண்டாவது குறை: அந்த இரண்டு பேருக்கும் அப்படி என்னதான் சண்டை?

அதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், அது ரொம்பச் சின்னச் சண்டை. ஆனால் இரண்டு வருஷம் பேசாமலிருக்கப் பெரிய காரணம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சொல்கிறேன்.

மாமனார் ஓட்டுவதை நிறுத்திய புதிதில், இரண்டு குடும்பமும் எருமையில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஓட்டியவர் டாக்டர். இறங்கிக் கைகாட்டியவர் மைக்செட்காரர். மணலில் வண்டி புதைந்தது. நான்கு சக்கரத்துக்கான கியர் போட்டும் பின்சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனதே தவிர, வண்டி நகரவில்லை. வெயிலில், மனைவிமார் குழந்தைகள் எதிரில், இவர் அவரைப் பார்த்துச் "சகலைக்குச் சத்தம் மட்டும்தான், வழி காட்டத் தெரியாது" என்றார். அவர் இவரைப் பார்த்துப் "பல்லைப் பிடுங்குற கைக்கு ஸ்டியரிங் எதுக்கு" என்றார். கடைசியில் அந்த வழியாக வந்த ஒரு டிராக்டர் கட்டி இழுத்தது.

வீடு திரும்பியதும் மாமனார் சாவிக்காகக் கையை நீட்டினார். "நாலு சக்கரமும் இழுத்தும் ஒரு வண்டி மணல்ல மாட்டுதுன்னா, கோளாறு வண்டில இல்ல மாப்ளை" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் டாக்டருக்குள் போய்த் தைத்தது. அன்றிலிருந்து சகலைகள் ஒருவரையொருவர் பார்க்கும்போதெல்லாம் அந்த மெதுவான குரல்தான் இருவருக்கும் கேட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு களிமண் சரிவு. முந்தைய நாள் மழையில் (என் துணி நனைந்த அதே மழை) ஊறிக் கிடந்தது. மலைப்பாதைக்கு முன் இங்கே ஏற்றிப் பார்த்துவிடலாம் என்றாள் கடைக்குட்டி. மாமனார் வரவில்லை. வெளிச்சம் அடித்தால் கண் கூசும்.

இறங்கி, முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் குமிழைக் கையால் திருகிப் பூட்டு என்ற குறிக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வகை வண்டியில் அதைச் செய்தால்தான் முன்சக்கரம் அச்சோடு சேரும். பிறகு கடைக்குட்டி உள்ளே ஏறி, நான்கு சக்கரத்துக்கான சின்னக் கியரைப் போட்டாள். டாக்டர் பக்கத்தில், மைக்செட்காரர் பின்னால்.

பாதிச் சரிவில் எருமை நின்றது. இஞ்சின் கத்தியது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி வானத்துக்கு அடித்தன. தள்ளலாம் என்று மைக்செட்காரர் பின்னால் இறங்கியபோது முதல் வாரி அவர் மேல் விழுந்தது. இறங்கி உதவலாம் என்று போன டாக்டர் மேல் இரண்டாவது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி இல்லை. உடம்பில் சுத்தமான இடமே இல்லை. இரண்டு வருஷமாக அடக்கிவைத்தது அப்போது வந்தது.

"இவர் தள்ள வந்தா இப்படித்தான் ஆகும்னு எனக்குத் தெரியும்."

"ஓட்டினது உங்க பக்கத்து சீட்டுல இருந்த பொண்ணு. அன்னைக்கு ஓட்டினது நீங்க. அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சு. இப்ப என்ன சொல்றீங்க?"

கடைக்குட்டி வழியாகப் போகாமல் நேராகவே பேசிக்கொள்கிறோம் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். ஆனால் அவள் அப்போது வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி, முன்சக்கரத்துப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரியத்தான், இங்க வந்து பாருங்க. பின்னாடி ரெண்டு பள்ளம் தோண்டியிருக்கு. முன்னாடி சக்கரம் ஒரு புல்லைக்கூட மிதிக்கல."

டாக்டர் வந்து பார்த்தார். இடது முன்சக்கரத்தின் அடியில் களிமண் அப்படியே வழவழவென்று இருந்தது. டயர் பட்டை அச்சு, ஏறி வந்தபோது பதிந்தது, துளியும் கலையாமல். இழுக்க முயன்ற சக்கரம் மண்ணைக் கிழித்திருக்க வேண்டும்.

அப்போது அவருக்கு ஆற்றுமணல் ஞாபகம் வந்தது. டிராக்டர் வரக் காத்திருந்த நேரத்தில், குழந்தைகள் முன்சக்கரத்தை ஒட்டி ஒரு மணல் வீடு கட்டியிருந்தார்கள். அத்தனை தடவை ஆக்ஸிலேட்டரை மிதித்தும் அந்த வீடு இடியவில்லை. அன்றைக்கு அதை அவர் பார்த்தார். யோசிக்கவில்லை. யார் மேல் தப்பு என்று யோசிப்பதிலேயே குறியாக இருந்தார்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி அடித்தேன். கோபத்தைப் பற்றி. நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.]

7

வண்டியைச் சரிவில் பின்னோக்கி உருட்டிச் சமதளத்தில் நிறுத்தினார்கள். பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்சக்கரம் இரண்டையும் தூக்கினார்கள். கடைக்குட்டி யோசித்துச் சொன்னாள்: இரண்டு பக்கமும் உண்மையிலேயே பூட்டியிருந்தால், ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

வலதைச் சுற்றினாள். இடது அசையவில்லை. இடதைச் சுற்றினாள். அது யாரோடும் சம்பந்தமில்லாமல் காற்றாடி மாதிரி ஓடியது.

இடது குமிழ் பூட்டு என்று காட்டுகிறது, உள்ளே பூட்டவில்லை. ஒரு பக்கம் மட்டும் பூட்டி என்ன பயன்? இஞ்சின் கொடுக்கும் பலமெல்லாம் சுலபமான பக்கத்துக்கு ஓடிவிடும். அங்கே வெறும் அச்சு சும்மா சுற்றும், வலது சக்கரமும் நகராது. ஆக இந்த எருமை, குமிழைத் திருகிப் பூட்டியும், ஆற்றங்கரையிலும் சரி, இங்கேயும் சரி, நான்கு காலால் இழுக்கவே இல்லை.

குமிழ் மூடியின் திருகுகளை மைக்செட்காரர் கழற்றினார். மூடி வரவில்லை, உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருந்தது. நெம்பியதும் 'ப்ளக்' என்று வந்தது. உள்ளே, அச்சையும் சக்கரத்தையும் சேர்க்க நகர்ந்து போக வேண்டிய பல் வளையம், மெழுகு போல் இறுகிப்போன பச்சை நிறக் கிரீஸுக்குள் புதைந்து கிடந்தது. அதைத் தள்ள வேண்டிய சுருள்கம்பி முக்கி முக்கிப் பார்த்துவிட்டு அப்படியே மடங்கியிருந்தது.

டாக்டர் ஜீப்பில் வைத்திருந்த பையிலிருந்து தன் பழைய சுரண்டி ஒன்றை எடுத்துவந்தார். பல் இடுக்கில் நுழைகிற வளைந்த முனை. சேற்றில் முழங்காலிட்டு, ஒவ்வொரு பல்லாகச் சுரண்ட ஆரம்பித்தார். பேண்ட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. வேலை பிடித்துவிட்டால் அவர் அப்படித்தான். பின்னால் கையை மட்டும் நீட்டிச் சொன்னார்:

"சகல, கொஞ்சம் டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க."

டார்ச் வெளிச்சம் வந்தது. சரியான இடத்தில்.

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்கட்டுமா சகல?" என்றார் மைக்செட்காரர். அவருக்கு வாய் ஓயாது என்று சொன்னேன் அல்லவா. இப்போது டார்ச்சை மட்டும் இறக்கினார்.

வளையத்தையும் சுருள்கம்பியையும் மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய கிரீஸை லேசாகத் தடவி மாட்டினார்கள். வலது பக்கத்தையும் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். கடைக்குட்டி வலதைச் சுற்றினாள். இடது எதிர்த்திசையில் சுற்றியது. அவள் மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தடவை எருமை சரிவில் நிற்கவில்லை. முன்சக்கரம் மண்ணைக் கவ்வி மேலே ஏறியது. உச்சியில் நிறுத்தி அவள் ஹாரன் அடித்தபோது கீழே நின்ற இரண்டு சேற்று உருவங்களும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கின.

8

கையைத் துடைக்கும்போது மைக்செட்காரர் அந்தப் பச்சைக் கிரீஸை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சகல, இது வண்டிக்குப் போடுறது இல்ல. ஆலையில பெரிய மெஷினுக்குப் போடுற கிரீஸ். ஆற வெச்சா கல்லு மாதிரி ஆயிடும்."

டாக்டருக்கு உடனே புரிந்தது. ஆலையில் காலமெல்லாம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர்தான் அந்த வீட்டில் உண்டு. ராசாவை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை. நல்லது என்று, இருப்பதிலேயே கெட்டியானதைத் தேடி, ஆசை ஆசையாக அடைத்திருக்கிறார்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார். பக்கத்தில் மைக்செட்காரர் ஏற்கெனவே குலுங்கிக்கொண்டிருந்தார். சேற்றில் உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள், வண்டியை இறக்கிக்கொண்டு வந்த கடைக்குட்டியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு வருஷம், எத்தனை விசேஷம், எத்தனை தட்டு. எல்லாம் ஒரு கை கிரீஸ்.

கடைக்குட்டிதான் முதலில் நிறுத்தினாள். "சரி, அப்பாகிட்ட யாரு சொல்றது?"

சிரிப்பு நின்றது.

"நான் நாளைக்குக் காலையில மலைக்குப் போயிடுவேன்," என்று சொல்லிவிட்டு அவள் ஜாக்கியை எடுத்துவைக்கப் போனாள்.

9

திங்கட்கிழமை மத்தியானம். மாமனார் வீட்டு முன்னறை. டாக்டர் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மைக்செட்காரர் கட்டிய ஒலிபெருக்கியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். மேசையில் கைப்பேசி. அதிலிருந்து கடைக்குட்டியின் குரல், காற்றுச் சத்தத்தோடு: காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டாள், சேற்றில் எங்கேயும் நிற்கவில்லை. "நாலும் இழுத்துச்சுப்பா."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பேசியை வைத்துவிட்டு, ஓரப் பார்வை இல்லாததால் தலையை முழுதாகத் திருப்பி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு மறுபக்கம் திருப்பி இன்னொருவரைப் பார்த்தார்.

"ராசா என்னைக்கும் கைவிட மாட்டான். என் கையால பார்த்துப் பார்த்து வெச்ச வண்டி." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, என்னதான் கோளாறு இருந்துச்சு மாப்ளை?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவு எழுதினேன்: டாக்டர் சொல்லிவிடுகிறார். கெட்ட சேதி சொல்வது அவருக்குத் தினப்படி வேலை. எழுதி முடித்ததும் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். ஓட்டுவது போய்விட்டது. ஒழுங்காக வைத்திருந்தேன் என்ற ஒன்றுதான் மிச்சம். அதையும் நானே பிடுங்குவதா? தாளைக் கசக்கினேன்.

இன்னொன்று எழுதினேன்: மைக்செட்காரர் முந்திக்கொண்டு, "பழசாயிடுச்சு மாமா, துருதான்" என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த மழைக்கு முன் கடைக்குட்டி விடுமுறைக்கு வருவாள். மாமனார் ஆசையாக மூடியைக் கழற்றி அதே கிரீஸை அடைப்பார். அவள் சேற்றுப்பாதையில் பாதி வழியில் நிற்பாள். இந்தப் பொய்க்குச் சக்கரம் இருக்கிறது, ஓடிப்போய் யார் மேலாவது ஏறும். அதையும் கசக்கினேன்.

நடுவாக ஒன்று: 'அங்கே மெல்லிய கிரீஸ்தான் போடணுமாம் மாமா', யார் போட்டது என்று சொல்லாமல். அவர் என்ன குழந்தையா? மூடி கழன்ற மறுநிமிஷம் புரிந்துகொள்வார், அதோடு மாப்பிள்ளைகள் தன்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கி வைத்ததும் புரியும்.

வீட்டில் யோசனை கேட்டேன். "அவருக்கு முன்னாடியே தெரியும்னு எழுதிடு" என்றார்கள். அப்படி எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. தெரிந்துகொண்டே சாவியைப் பிடுங்குகிற மனிதரில்லை அவர்.

10

ஆகவே அவர்கள் மூவரும் இன்னும் அந்த அறையிலேயே இருக்கிறார்கள். ஜன்னல் திறந்திருக்கிறது. டீ ஆறுகிறது.

டாக்டர் மைக்செட்காரரைப் பார்க்கிறார். "நீங்க சொல்லுங்க சகல."

"இல்ல சகல, நீங்க பெரியவர். நீங்களே சொல்லுங்க."

மாமனாரின் தலை இங்கும் அங்கும் திரும்புகிறது. கோபமில்லை. இரண்டு மாப்பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் பேசுவது அவர் காதில் விழுந்து, அவருக்கே சிரிப்பு வரப் பார்க்கிறது. ஆனாலும் பதில் வேண்டும் என்று காத்திருக்கிறார்.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். சேற்றிலும் நின்றீர்கள், கிரீஸையும் பார்த்தீர்கள். இனி உங்களையும் இந்த வீட்டு மனுஷராகத்தான் நினைப்பார். ஓரமாக நின்றால் அவருக்குத் தெரியாது. அந்த ஸ்டூலை இழுத்து, அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்காருங்கள்.

உட்கார்ந்தாயிற்றா?

சொல்லுங்க.